டாக்டரம்மாவிடம் நான் சொல்லாமல் விட்டது

ஐயா,

முன்கூட்டிச் சொல்லாமல் போன் போட்டால் நீ எடுக்க மாட்டாய் என்பது எனக்குத் தெரியும். அதற்காக இதை எழுதவில்லை. நீ எடுத்தாலும் இதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வராது, அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் கை, மெதுவாகத்தான் நகரும். இந்தத் தாளை எடுத்து இன்றோடு நான்கு நாளாகிறது. நீ விடுதியில் படித்தபோது என் கடிதங்களில் பிழை இருந்த இடத்தையெல்லாம் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்புவாய். அப்போது எனக்கு முகம் சுண்டிப்போகும். இப்போதும் பிழை இருந்தால் சுழித்து அனுப்பு. திரும்பி வந்தால், நீ கடைசி வரை படித்தாய் என்று தெரிந்துகொள்வேன்.

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. பாப்பாவைப் பரிசோதித்துப் பார்க்கச் சொல்லி அவள் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அதற்கான கேள்விகளைச் சுகந்தி கோயம்புத்தூரிலிருந்து உனக்கு அனுப்பினாள். நீங்கள் இருவரும் பிரிந்து மூன்று வருசமானாலும், பிள்ளை விசயத்தில் அவள் உன்னை ஒதுக்கவில்லை. அந்தக் கேள்விகளைப் படித்துவிட்டு நீ எனக்குப் போன் செய்தாய். "அம்மா, இது பாப்பாவைப் பத்திக் கேட்ட மாதிரி இல்ல, என்னயப் பத்திக் கேட்ட மாதிரி இருக்கு" என்றாய். அப்புறம் பெங்களூரில் உன் அறையை விட்டு வெளியே போகாமலே, சென்னையிலிருக்கும் ஒரு டாக்டரம்மாவிடம் கம்ப்யூட்டரில் மூன்று தடவை பேசினாய். ஆட்டிசம் என்கிறார்களே, அது உனக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. சின்ன வயதில் நீ எப்படி இருந்தாய் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, அப்பா இல்லாததால் என் நம்பரைக் கொடுத்தாய். "உள்ளத உள்ளபடி சொல்லும்மா. அது தெரிஞ்சாத்தான் பாப்பாகிட்ட நான் எப்பிடி இருக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றாய். இவ்வளவு நீளமாக நீ என்னிடம் பேசி எத்தனையோ காலமாகியிருந்தது.

டாக்டரம்மா என்னிடம் பேசுவதாகச் சொன்ன அன்று காலையில் நான் என்ன செய்தேன் என்று கேள். தலைக்குக் குளித்து, உன் கல்யாணத்துக்கு எடுத்த நீலப் பட்டைக் கட்டினேன். வாசலைக் கழுவிக் கோலம் போட்டேன். நம் வீட்டுக்குள் போனுக்குச் சிக்னல் வராது, வாசற்படியில்தான் வரும். அங்கே நாற்காலியைப் போட்டு, எதிரே இன்னொரு நாற்காலியில் தண்ணீர்க் குடத்தை வைத்து, அதில் போனைச் சாய்த்து வைத்தேன். தெரு நம் பக்கம் ஐந்து முழ அகலம்தான். எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் அவள் வாசற்படியில் முறத்தை வைத்து உளுந்தில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. கண்ணாடி போட்டிருந்தாள், நல்ல மரியாதை. முதலில், "பக்கத்துல யாராவது இருக்காங்களா அம்மா? தனியாப் பேச முடியுமா?" என்று கேட்டாள்.

"யாருமில்ல தாயி. நான் மட்டுந்தேன்."

அதுதான் முதல் பொய். அதற்கப்புறம் வந்ததெல்லாம் தானாகவே வந்தது.

"உங்க மகன் எந்த வயசுல பேச ஆரம்பிச்சாரு?"

"ஒரு வயசு முடியிறதுக்குள்ளயே அம்மான்னு கூப்பிட்டான். வாய ஓயவிட மாட்டான்."

"பெரிய சத்தம் கேட்டா தொந்தரவு ஆகுமா?"

"எம் மகனுக்கா? கோயில் வேட்டுச் சத்தத்துக்குப் பக்கத்துலயே நிப்பான் தாயி."

"மத்த பிள்ளைங்களோட எப்படிப் பழகுவாரு?"

"தெருப்பிள்ளைக பூராம் நம்ம வீட்லதேன் கெடக்கும். இவன் இல்லாம ஒரு வெளையாட்டு நடக்காது."

இதைச் சொன்னபோது எதிரே பேச்சியம்மாளின் கை முறத்தில் நின்றுவிட்டது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். டாக்டரம்மா முக்கால் மணி நேரம் கேட்டாள். கேள்விகளை மாற்றி மாற்றி, பொறுமையாகக் கேட்டாள். நான் ஒன்றுக்குக்கூடத் தடுமாறவில்லை. போனை அணைத்தபோது, பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியதுபோல இருந்தது எனக்கு.

பேச்சியம்மாள் முறத்தோடு எழுந்து வந்தாள். "என்ன மதினி, மகனுக்கு மறுபடியும் பொண்ணு பாக்கீகளா? இப்பல்லாம் போன்லயே விசாரிக்கிறாகளாக்கும்?" என்றாள்.

"ஆமா. நல்ல எடம்" என்றேன்.

நீ சிரிக்க மாட்டாய், ஆனால் இதில் சிரிக்கவும் இருக்கிறது. அடுத்த வாரமே எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஒரு தரகர் இரண்டு ஜாதகங்களோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். "மாப்பிள்ள கலகலன்னு பேசுற ஆளுன்னு கேள்விப்பட்டேன், அதேன் வந்தேன்" என்றார். காபி கொடுத்து அனுப்பினேன். அவர் போன பிறகு காபி டம்ளரைக் கழுவும்போதுதான் எனக்குப் புரிந்தது. பேச்சி என்னைக் கிண்டல் செய்யவில்லை, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். டாக்டரம்மா கேட்டதற்கு நான் பெண் வீட்டாருக்குச் சொல்வதுபோலவே பதில் சொல்லியிருக்கிறேன்.

நம் ஊர்ப்பக்கம் பையனைப் பற்றி வெளியாள் ஒருவர் விவரம் கேட்கிறார் என்றால், அது சம்பந்தம் பேசத்தான். தெருவில் நாலு வீட்டில் விசாரிப்பார்கள், கடையில் விசாரிப்பார்கள். எந்த வீட்டிலும் குறை சொல்ல மாட்டார்கள். நாளைக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றி நம்மிடம் விசாரிப்பார்களே. பெண்ணைப் பெற்றவள், பையனைப் பெற்றவள் எல்லாருக்கும் அந்தப் பேச்சு பழகிப் போயிருக்கும். நானும் எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். எனக்கு வேறு மாதிரி பதில் சொல்லவே தெரியாமல் போய்விட்டது ஐயா.

பதினைந்து நாள் கழித்து நீ போன் செய்தாய். உன் வழக்கமான நேரம், ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு. "ரிப்போர்ட் வந்துருச்சும்மா. இப்ப என்கிட்ட அதோட அடையாளம் நெறைய இருக்காம். ஆனா சின்ன வயசுல எதுவுமே இருந்ததில்லன்னு நீ சொல்லிட்டதால உறுதியாச் சொல்ல முடியலயாம்" என்றாய். நான் மடச்சி, "நல்லதுதானய்யா, ஒண்ணுமில்லன்னு வந்துருச்சுல்ல" என்றேன். உன் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது. அப்புறம் கேட்டாய்: "நான் எப்பிடி இருந்தேன்னு உனக்கு ஞாபகமே இல்லையாம்மா? இல்ல, என் ஞாபகந்தான் பொய்யா?" நான் பதில் தேடுவதற்குள், "சரி, வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாய். எப்போதும் போல. கோபத்தில்கூட நீ சொல்லாமல் வைத்ததில்லை.

உன் ஞாபகம் பொய்யில்லை. எனக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதைத்தான் இந்தத் தாளில் எழுத வந்தேன்.

நீ மூன்றரை வயது வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாய். காது கேட்கவில்லையோ என்று பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்திருக்கிறேன். அப்போது அப்பா உரக்கடை வைத்திருந்தார். கடையில் மூட்டைகள் மேல் உன்னை உட்கார வைத்துவிட்டால் போதும், சாக்கில் அச்சடித்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டே பொழுதைப் போக்குவாய். ஒரு நாள் லாரியிலிருந்து லோடு இறங்கிக்கொண்டிருந்தது. நீ சாக்கைக் காட்டி, கணீரென்று "யூரியா" என்றாய். உன் முதல் வார்த்தை அதுதான். அம்மா இல்லை, அப்பா இல்லை. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஏலே, எம் மகன் மொத வார்த்தையே யாவாரத்துல ஆரம்பிச்சுட்டான்டா" என்று லாரிக்காரரைக் கட்டிப்பிடித்தார். வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் நான் அவரோடு சண்டை போட்டேன், இனி வெளியே சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். நீ என்னை அம்மா என்று கூப்பிட்டது அதற்கும் ஆறு மாதம் கழித்து. அந்த ஆறு மாதமும் நான் யூரியாமேல் பொறாமைப்பட்டேன் என்றால் நம்புவாயா?

மல்லாங்கிணற்றில் என் தம்பி கல்யாணம். உனக்கு ஆறு வயது. தாலி கட்டும் நேரத்தில் மேளம் கெட்டியாக வாசித்ததும் நீ என் கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டாய். மணமகளை விட்டுவிட்டு எல்லாரும் உன்னைத் தேடினார்கள். கடைசியில் சமையல்கட்டுக்குப் பின்னால், அரிசி மூட்டைகள் அடுக்கிய அறையில் இருந்தாய். இரண்டு மூட்டைக்கு நடுவில் தலையைச் செருகிக்கொண்டு, இரண்டு காதும் சாக்கில் படும்படி. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. நான் உன்னை வெளியே இழுத்து எல்லார் முன்னாலும் முதுகில் அடித்தேன். நீ அழவில்லை, திரும்பவும் மூட்டைக்குள் போகத்தான் பார்த்தாய். எங்கே போனால் சத்தம் குறையும் என்று ஆறு வயதில் நீயே கண்டுபிடித்திருக்கிறாய். அந்தப் புத்தியை மெச்சியிருக்க வேண்டும். டாக்டரம்மாவிடம் வேட்டுச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றவன் என்று சொன்னேனே, அந்தப் பிள்ளை யார் என்று எனக்கே தெரியவில்லை.

இனி எழுதப் போவதுதான் கஷ்டம்.

உனக்குப் பதினான்கு வயதில் அப்பா போனார். கூடத்தில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். ஊரே வந்து அழுதது. நீ பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாய். மாரடிக்கிற பெண்களுக்கு நடுவே என்னிடம் குனிந்து, "அம்மா, இந்த மோட்டாரு எட்டு நிமிசத்துக்கு ஒருக்க நின்னு நின்னு ஓடுது" என்றாய். உன் பெரிய அத்தைக்கு அது காதில் விழுந்துவிட்டது. "பெத்த அப்பன் கெடக்கான், இவன் மோட்டாரப் பாக்கான். என்ன நெஞ்சுடி ஒம் மகனுக்கு" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. நான் உன்னை அணைப்பதுபோல இழுத்து, இடது கைச் சட்டைக்குள் விரலை விட்டு, நகம் பதியக் கிள்ளினேன். கண்ணில் தண்ணீர் வரும் வரை விடவில்லை. நீ என் முகத்தைப் பார்த்தாய். எவர் முகத்தையும் நேராகப் பார்க்காத பிள்ளை, அன்று என் முகத்தைப் பார்த்தாய். அப்புறம் உன் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. "பிள்ள இப்பத்தேன் அழுதுச்சு, இனி கொஞ்சம் ஆறும்" என்றார்கள் சனங்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. நிம்மதி என்று எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

கருமாதி முடிந்து நீ என்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா? அப்பா கடை திறக்கும் நேரம் காலை ஆறு பத்து. நீ தினமும் ஆறு பத்துக்குச் சாவியை எடுத்துப் போய்க் கதவைத் திறந்து, சரக்கே இல்லாத கடையில் அப்பா உட்காரும் ஸ்டூலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாய். ஒரு வருசம், ஒரு நாள் தவறாமல். நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். ஊருக்குத் தெரியாமல் நீ அழுத அழுகை அது என்று எனக்கு இந்த மாதம்தான் உறைத்தது. இதையும் டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. அவள் கேட்டாள். "துக்கம், சந்தோசம் இதையெல்லாம் எப்படிக் காட்டுவாரு?" என்று கேட்கத்தான் செய்தாள். "எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான்" என்றேன்.

சுகந்தி வீட்டார் வந்தபோது நான் உனக்குப் பாடம் நடத்தினேன். பேசுகிறவர் முகத்தைப் பார், மனதுக்குள் மூன்று எண்ணு, அப்புறம் பார்வையை எடு. வந்தவர்களைச் சாப்பிட்டீர்களா என்று கேள். சட்டைக் காலரை இழுத்துக்கொண்டே இருக்காதே. நீ ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பழகினாய். அவர்கள் வந்தபோது ஒரு பிசகில்லாமல் செய்தாய். சுகந்தியின் அப்பா நல்ல மனிதர், நேராகவே கேட்டார்: "மாப்பிள்ளை ரொம்ப அமைதியோ?" அப்போதாவது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அமைதின்னா அமைதி, அப்பிடி ஒரு தங்கம்" என்றேன். கல்யாணம் முடிந்ததும் நீ எண்ணுவதை நிறுத்திவிட்டாய். ஆயுசு முழுக்க எவன் எண்ணிக்கொண்டிருப்பான்? நீங்கள் பிரிந்து வீட்டைக் காலி செய்த அன்று அந்தப் பெண் என்னிடம் சொன்னதை இதுவரை உனக்குச் சொன்னதில்லை. "அத்தை, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் புரிஞ்சுக்கிட்டு இருப்பேன். அவருக்கு என்னைப் பிடிக்கலையோ பிடிக்கலையோன்னு நெனைச்சே ஆறு வருசம் போயிருச்சு" என்றாள். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

உன்னை நினைத்து நான் வெட்கப்பட்டேன் என்று எண்ணிவிடாதே. பெருமைதான் பட்டேன். அளவுக்கு மேலே பட்டேன். ஊரில் யாரிடமும் இல்லாத மகன் என்னிடம் இருக்கிறான் என்று நினைத்தேன், ஆனால் ஊரில் எல்லாரிடமும் இருக்கும் மகனைப் போலவே அவனை வெளியே காட்டினேன். அந்தப் பெருமையில்தான் உன்னை மறைத்துவைத்தேன்.

இப்போது நான் ஒரு டம்ளர் அரிசி போட்டால் இரண்டு வேளைக்கு வருகிறது. டிவி ஓடிக்கொண்டிருக்கும், நான் பார்ப்பதில்லை. ஆள் சத்தத்துக்காக ஓடுகிறது. வாரத்தில் எனக்கென்று வருவது இரண்டு போன்தான். ஞாயிறு ஒன்பது மணிக்கு உன்னுடையது. பத்து மணிக்குச் சுகந்தி பாப்பாவிடம் கொடுப்பாள். பாப்பா எனக்கு முகம் காட்ட மாட்டாள், குனிந்துகொண்டு உச்சந்தலையைத்தான் காட்டுவாள். "அப்பத்தாவைப் பாரு, பாருன்னு சொல்றேன்ல" என்று சுகந்தி அதட்டுவாள். "விடு தாயி, எனக்கு இது போதும்" என்பேன். அந்த உச்சந்தலையோடு அரை மணி நேரம் பேசுவேன். உனக்கு இருக்கும் அதே இரட்டைச் சுழி. நான் பேசி முடித்துவிட்டேன் என்று நினைக்கும்போது, மூன்று வாரத்துக்கு முன்னால் நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுவாள். அது போதும் எனக்கு. உனக்குப் புத்திமதி சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அவளை யார் முகத்தையும் பார்த்து எண்ணச் சொல்லாதே. அவள் மூட்டைக்குள் தலையைச் செருகினால் நீயும் பக்கத்தில் ஒரு மூட்டையில் தலையைச் செருகிக்கொள். என்னால் முடியாதது உன்னால் முடியும், ஏனென்றால் உள்ளே எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

போன திங்கட்கிழமை அந்த டாக்டரம்மாவுக்கு நானே போன் செய்தேன். "தாயி, அன்னைக்கு நான் சொன்னது அம்புட்டும் பொய்" என்றேன். அவள் கோபப்படவில்லை. "நெறைய அம்மாங்க இப்படிச் சொல்லியிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் திரும்பக் கூப்பிட்டிருக்கீங்க" என்றாள். நான் உடனே ஆரம்பிக்கப் போனேன், அவள் நிறுத்திவிட்டாள். உன் சம்மதம் இல்லாமல் கேட்க மாட்டாளாம். நீ சரியென்றால் இன்னொரு நாள் பேசுவாளாம், அதன்பிறகு ரிப்போர்ட்டைத் திரும்பப் பார்ப்பாளாம்.

அதே வாசற்படியில் உட்கார்ந்து, பேச்சியம்மாளுக்குக் கேட்கும்படி எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிவிட வேண்டும் என்று முதலில் நினைத்தேன். பழைய பொய்யை அதே இடத்தில் கழுவிவிடலாம் என்று. அப்புறம்தான் தெரிந்தது, அதுவும் என் வீம்புதான். இது உன் விசயம். ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை நீ சொல்ல வேண்டும். அதனால் வேறு இடம் தேடினேன். நம் ஊர்க் கண்மாய்க் கரையில், மடைக்குப் பக்கத்து வேலமரத்தடியில் சிக்னல் நன்றாக இருக்கிறது. கண்மாயில் தண்ணீர் இல்லாததால் துவைக்கக்கூட யாரும் வருவதில்லை. நேற்று ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்து பார்த்தேன், கடையில் கிடந்த அப்பா ஸ்டூல்தான். யாருமில்லாத இடத்தில் உட்கார்ந்து, "மூன்றரை வயது. முதல் வார்த்தை யூரியா" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். இவ்வளவு காலம் வராத வார்த்தை, வந்துவிட்டது. பட்டுச்சேலை கட்டவில்லை.

விடுதிக்கு நான் கடிதம் எழுதினால் நீ எண் போட்டுப் பதில் எழுதுவாய். நலமா, சாப்பிட்டாயா, காய்ச்சல் விட்டதா என்று நான் கேட்டிருந்தால், ஒன்று, ஆம்; இரண்டு, ஆம்; மூன்று, இன்னும் இல்லை. அவ்வளவுதான் கடிதம். பிள்ளைக்கு என்மேல் பாசமே இல்லையே என்று அதை மடியில் வைத்து அழுதிருக்கிறேன். ஆனால் நான் கேட்ட ஒரு கேள்வியைக்கூட நீ விட்டதில்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அதனால் உனக்குச் சுலபமான மாதிரியிலேயே கேட்கிறேன். மூன்றே கேள்விதான்.

ஒன்று. வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இரண்டு. டாக்டரம்மாவிடம் நான் மறுபடியும் பேசலாமா?

மூன்று. அன்று நான் கிள்ளிய இடம், இடது கை, உனக்கு நினைவிருக்கிறதா?

மூன்றாவதற்குப் பதில் எழுத வரவில்லை என்றால் எண்ணை மட்டும் போட்டுவிட்டுப் பக்கத்தில் இடம் விட்டுவிடு. அந்த இடத்தை நான் படித்துக்கொள்வேன்.

அம்மா